நாலு தடத்தில் பத்துக் குரல்: வீட்டு ஒலிப்பதிவின் பழைய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வேலைகளை முடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

மீலாத் நிகழ்ச்சிக்காக எங்கள் பிள்ளைகள் சிலர் போனிலேயே ஒரு கஸீதாவைப் பதிவு செய்தார்கள். ரபான் ஒரு வரிசை, முன்குரல் ஒரு வரிசை, பின்குரல் நாலு வரிசை. எல்லாம் முடிந்ததும் ஒருவன் வந்து கேட்டான்: "சேர், எல்லாத்தையும் ஒண்டாக்கிற இடத்தில 'பவுன்ஸ்' எண்டு போட்டிருக்கே. பந்து துள்ளுறதுக்குத்தானே பவுன்ஸ் எண்டு சொல்லுவம்?"

நல்ல கேள்வி. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எழுபது வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கும் கசட்டுகளுக்கும் அந்தக் கதையில் இடமுண்டு. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாடா. பிளாஸ்டிக் பட்டியில் இரும்பு ஒக்சைட்டுத் தூளைப் பூசி, அதில் காந்தத்தால் சத்தத்தைப் பதிப்பதுதான் விஷயம். ஜேர்மனியில் 1935 இல் மக்னட்டோபோன் என்ற பெயரில் இது வெளியுலகுக்குக் காட்டப்பட்டது. யுத்தம் முடிந்தபோது அமெரிக்க இராணுவத்தில் இருந்த ஜாக் முலின் என்ற பொறியியலாளர் ஜேர்மன் வானொலி நிலையமொன்றில் இந்த இயந்திரத்தைக் கேட்டு வியந்து, இரண்டைக் கழற்றித் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார். பாடகர் பிங் கிராஸ்பிக்கு அது பிடித்துப்போயிற்று. வாராவாரம் வானொலியில் நேரடியாகப் பாடும் தொல்லை தீரும் என்பது அவருடைய கணக்கு. அவர் போட்ட காசில் அம்பெக்ஸ் கம்பனி 1948 இல் தன் முதல் நாடாப் பதிவுக் கருவியைக் கொண்டுவந்தது.

அந்தக் காலத்தில் நாடாவின் முழு அகலத்திலும் ஒரே ஒரு தடம்தான். வாத்தியக்காரர் எல்லோரும் மைக்கைச் சுற்றி நிற்க வேண்டும். சத்தம் கூடியவர் தள்ளி, குறைந்தவர் கிட்ட. எங்கள் மூத்தவர்கள் உயிராகக் கேட்ட ரேடியோ சிலோன் காலத்துப் பாட்டுகளும், நாகூர் ஹனிபாவின் ஆரம்பகால இசைத்தட்டுகளும் இப்படி எல்லோரும் கூடி ஒரே மூச்சில் பாடி எடுத்தவைதான். கடைசி வரியில் தபேலாக்காரர் தப்பினால் எல்லோரும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

இதை வீட்டில் உட்கார்ந்து மாற்றியவர் லெஸ் போல் என்ற கிட்டார்க்காரர். நாடா வருவதற்கு முன்பே, கலிபோர்னியாவில் தன் வீட்டுக் கராஜில், இசைத்தட்டு வெட்டும் இயந்திரங்களை வைத்து அவர் ஒரு வேலை செய்தார். ஒரு தட்டில் கிட்டார் வாசிப்பார். அதை ஓடவிட்டு, கூடவே இன்னொரு கிட்டாரை வாசித்து, இரண்டையும் சேர்த்து இன்னொரு தட்டில் வெட்டுவார். பிறகு மூன்றாவது. இப்படி ஒரே ஆள் எட்டுக் கிட்டாராக ஒலித்த இசைத்தட்டு 1948 இல் வெளிவந்தது.

பிறகு பிங் கிராஸ்பி அவருக்கு ஒரு அம்பெக்ஸ் இயந்திரத்தை அன்பளிப்பாகக் கொடுத்தார். சாதாரண இயந்திரத்தில் மூன்று 'ஹெட்' வரிசையாக இருக்கும்: அழிப்பது, பதிப்பது, ஒலிக்க வைப்பது. லெஸ் போல் அழிக்கும் ஹெட்டுக்கு முன்னால் நாலாவதாக ஒன்றைப் பூட்டினார். நாடா ஓடும்போது அந்த நாலாவது ஹெட் பழைய சத்தத்தை வாசித்துவிடும். அடுத்த கணம் அது அழிக்கப்படும். வாசித்த பழைய சத்தமும் அப்போது பாடும் புதுச் சத்தமும் கலந்து அதே நாடாவில் திரும்பப் பதியும். ஒரே நாடா, ஒரே தடம், அடுக்கடுக்காகக் குரல்.

இதில் உள்ள ஆபத்தைக் கவனியுங்கள். பழையது போய்விட்டது. ஒன்பதாவது அடுக்கில் இருமினால் முன்னைய எட்டும் சேர்ந்தே நாசம். அதோடு ஒவ்வொரு தடவையும் பழைய சத்தம் ஒரு பிரதியிலிருந்து இன்னொரு பிரதிக்கு இறங்குகிறது. கூர்மை குறையும், இரைச்சல் கூடும். அதனால் லெஸ் போல் முக்கியமில்லாத பகுதிகளை முதலில் பதிந்து, முக்கியமான குரலையும் முன்கிட்டாரையும் கடைசிக்கு வைத்தார். இந்த ஒரு ஒழுங்கு பின்னர் நாற்பது வருடம் உலகமெங்கும் வீட்டில் ஒலிப்பதிவு செய்தவர்களின் பழக்கமாயிற்று. அவரும் மனைவி மேரி போர்டும் இப்படிச் செய்த 'ஹவ் ஹை த மூன்' 1951 இல் அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் கேட்கும் பெண் குரல்கள் அத்தனையும் மேரி போர்ட் ஒருவருடையவை.

அடுத்த படி, நாடாவைப் பக்கவாட்டில் பிரித்துப் பல தடங்களாக்குவது. இங்கே ஒரு சிக்கல். பதிக்கும் ஹெட்டும் ஒலிக்கும் ஹெட்டும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே 2 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடா செக்கனுக்கு 15 அங்குலம் ஓடினால், ஒலிப்பதைக் கேட்டுப் பாடுகிறவரின் குரல் 0.13 செக்கன் பிந்திப் பதியும். ரபான் ஒரு பக்கம், பைத் ஒரு பக்கம் போய்விடும். அம்பெக்ஸில் இருந்த ரொஸ் ஸ்னைடர் இதற்கு எளிமையான ஒரு வழி சொன்னார்: பழைய தடங்களைக் கேட்கும்போது, பதிக்கும் ஹெட்டையே வாசிக்கும் ஹெட்டாகப் பாவியுங்கள். அப்போது எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும், பிந்துதல் இராது. இந்த முறையில் ஓர் அங்குல நாடாவில் எட்டுத் தடம் பதியும் இயந்திரம் 1957 இல் லெஸ் போலின் வீட்டுக்குப் போனது.

எட்டுத் தடம் வந்தும் உலகம் அநேகமாக நாலு தடத்தில்தான் வேலை செய்தது. பீட்டில்ஸ் 1967 இல் வெளியிட்ட 'சார்ஜண்ட் பெப்பர்' இசைத்தட்டு முழுவதும் நாலு தட இயந்திரங்களில் செய்தது. லண்டன் கலையகத்தில் ஓர் இயந்திரத்தின் நாலு தடமும் நிரம்பியதும், அவற்றைக் கலந்து இன்னோர் இயந்திரத்தின் ஒன்றிரண்டு தடங்களுக்கு மாற்றி, மிச்சத் தடங்களில் தொடர்வார்கள். சத்தம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் துள்ளுகிறது. இந்த வேலைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் 'பவுன்ஸ்'. இன்றைய போனில் நாடாவும் இல்லை, துள்ளலும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சாதாரண வீட்டுக்கு இது வந்தது ஜப்பானியர் தயவால். டியக் கம்பனி 1970களின் முற்பகுதியில் கால் அங்குல நாடாவில் ஓடும் நாலு தட இயந்திரத்தை விற்கத் தொடங்கியது. 1979 இல் அதே கம்பனி 'போர்ட்டாஸ்டூடியோ 144' என்ற சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தது. அது நம் எல்லோர் வீட்டிலும் இருந்த சாதாரண கசட்டில் வேலை செய்தது.

எப்படி? சாதாரண கசட்டில் உண்மையில் நாலு தடம் இருக்கிறது. ஏ பக்கத்துக்கு இடது வலது என்று இரண்டு, பி பக்கத்துக்கு இரண்டு. புதுப் பெட்டி நாலையும் ஒரே திசையில் பாவித்தது. கசட்டைப் புரட்டிப் போட முடியாது. தரம் வேண்டும் என்பதற்காக வேகத்தையும் இரட்டிப்பாக்கினார்கள். சாதாரண வேகம் செக்கனுக்கு 4.76 சென்டிமீட்டர், இதில் 9.5. ஆகவே 60 நிமிடக் கசட் இதில் 15 நிமிடம்தான் ஓடும். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் தன் வீட்டு அறையில் இப்படி ஒரு பெட்டியை வைத்து மாதிரிக்காகப் பாடினார். பிறகு பெரிய கலையகத்தில் குழுவோடு திரும்பப் பாடிப் பார்த்தும் அந்த உணர்வு வரவில்லை. கடைசியில் வீட்டுக் கசட்டையே 'நெப்ராஸ்கா' என்று இசைத்தட்டாக வெளியிட்டார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். நாலு தடத்தில் எத்தனை குரல் வைக்கலாம்? வகுப்பில் இதை ஒரு புதிராகவே போட்டேன்.

முதல் மூன்று தடத்திலும் மூன்று குரல் பதிகிறோம். மூன்றையும் கலந்து நாலாவதுக்கு மாற்றுகிறோம். மாற்றும்போது சும்மா இராமல், மைக்கில் இன்னொன்றையும் நேரடியாகப் பாடிச் சேர்க்கிறோம். நாலாவதில் இப்போது 4 குரல். ஒன்று, இரண்டு, மூன்று காலி. ஒன்றிலும் இரண்டிலும் புதிதாகப் பதிந்து, இன்னொன்றை நேரடியாகச் சேர்த்து மூன்றாவதுக்கு மாற்றினால் 3. ஒன்றில் பதிந்து, நேரடியாக ஒன்று சேர்த்து இரண்டாவதுக்கு மாற்றினால் 2. கடைசியாக ஒன்றாவதில் 1. கூட்டிப் பாருங்கள்: 4 + 3 + 2 + 1 = 10. இதில் எந்தக் குரலும் ஒரு தடவைக்கு மேல் பிரதியாகவில்லை. தரம் காப்பாற்றப்படுகிறது. பிள்ளைகளில் இரண்டு பேர் விடையைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒருவர் கணிதத்தில் எப்போதும் பின்வரிசை.

கணக்கு இலேசு, கை வேலை கஷ்டம். பக்கத்துப் பக்கத்துத் தடங்களுக்கு மாற்றும்போது, பதியும் சத்தம் பக்கத்துத் தடத்துக்குக் கசிந்து, திரும்ப வந்து ஊளையிடும். கூர்மையான சத்தத்தில்தான் இது அதிகம். அதனால் பக்கத்துத் தடத்தில் கனமான, தாழ்ந்த சத்தங்களை வைப்பார்கள். பிரதியில் கூர்மை குறையும் என்று தெரிந்து, மாற்றும்போதே கொஞ்சம் கூர்மையைக் கூட்டி அனுப்புவார்கள். எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது அளவு. ரபான் எவ்வளவு, பின்குரல் எவ்வளவு என்பதை, முன்குரல் இன்னும் பாடப்படாத நேரத்திலேயே முடிவு செய்ய வேண்டும். மாற்றியபின் பிரிக்க முடியாது. மூலத் தடங்களின் மேல் வேறு குரல் ஏறிவிடும். பாட்டு முழுதாக எப்படி இருக்கும் என்று மனதுக்குள் கேட்கத் தெரியாதவருக்கு இந்த வேலை சரிவராது.

இன்றைய பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ஒரே பின்குரலை நாலு தடவை பிரதி செய்து அடுக்குகிறார்கள். அது கூட்டமாக ஒலிக்காது. ஒரே குரல் சத்தமாக ஒலிக்கும், அவ்வளவுதான். ஒரே ஆள் நாலு தடவை புதிதாகப் பாடினால், ஒவ்வொன்றிலும் நேரமும் சுருதியும் மயிரிழை வித்தியாசப்படும். அந்த வித்தியாசம்தான் காதுக்குக் கூட்டமாகத் தெரிகிறது. மேரி போர்ட் பாடித்தான் அடுக்கினார். பிள்ளைகளைத் திரும்பப் பாடவைத்தேன். முதல் பத்து நிமிடம் முணுமுணுத்தார்கள். கேட்டபிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நம் சமூகத்துக்கு இந்த விஷயம் இன்னொரு வகையிலும் பொருந்தும். வாத்தியம் கூடுமா கூடாதா என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. ஆனால் வாத்தியத்தைத் தவிர்ப்பவர்கள் குரல்களை மட்டும் அடுக்கி நஷீத் செய்கிறார்களே, அந்த முறை முழுக்க முழுக்க இந்தத் தட வித்தையின் பிள்ளை. குரலாலேயே தாளம், குரலாலேயே சுருதி.

தமிழ் உலகில் வீட்டுக் கலையகம் என்றால் நினைவுக்கு வருவது கோடம்பாக்கத்து ஏ. ஆர். ரஹ்மான்தான். தந்தை ஆர். கே. சேகர் 1976 இல் இறந்தபோது ரஹ்மானுக்கு வயது ஒன்பது. தந்தையின் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் ஓடியது. பிறகு வீட்டுக் கொல்லையில் கலையகம் அமைக்க முனைந்தபோது, அறை இருந்தது, உள்ளே வைக்கப் பொருள் இல்லை. தாயார் கரீமா பேகம் தன் நகைகளைக் கொடுத்தார். வாங்கியது பொஸ்டெக்ஸ் கம்பனியின் 16 தடப் பதிவுக் கருவி. அந்தக் கணத்தில் தன் எதிர்காலத்தைக் கண்டதாக ரஹ்மான் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பொஸ்டெக்ஸின் 16 தட இயந்திரங்கள் அரை அங்குல நாடாவில் ஓடுபவை. ஒரு தடத்துக்கு 0.8 மில்லிமீட்டர்கூட இல்லை.

1989 இல் அந்த வீட்டுக் கலையகம் தொடங்கியது. அதே வருடம் 'தீன் இசை மாலை' என்ற இஸ்லாமிய பாடல் தொகுப்பு, திலீப் குமார் என்ற பழைய பெயரில், அவர் இசையில் வந்தது. 1992 இல் 'ரோஜா'. அதற்கு முன் கோடம்பாக்கத்தில் பெரிய மண்டபத்தில் வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து, மாலைக்குள் பாட்டை முடிப்பதுதான் வழமை. இவர் இரவிரவாகத் தனியே இருந்து அடுக்கடுக்காகக் கட்டினார். வாத்தியக்காரர்களின் பிழைப்பு இதனால் அடிபட்டது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய மண்டபத்துக்குக் காசில்லாத ஒருவர் அந்த மண்டபத்துக்கு நிகராகச் செய்ய இதுதான் வழி திறந்தது. ஒரு தாயின் நகை போன இடம் அது.

எங்கள் ஊர்ப்பக்கம் போர்ட்டாஸ்டூடியோவும் பொஸ்டெக்ஸும் எத்தனை வீட்டில் இருந்திருக்கும்? ஆனால் 1977 க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. சவூதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போனவர்கள் வரும்போது தோளில் ஒரு இரட்டைக் கசட் செட்டோடு வந்தார்கள். குடும்பங்கள் கடிதத்துக்குப் பதில் கசட்டில் பேசி அனுப்பிய காலம். அந்தச் செட்டுகள் சிலவற்றில் மைக் பூட்டும் துளை இருந்தது. ஒரு கசட் ஓட, மைக்கில் பாடுவதும் கலந்து மற்றக் கசட்டில் பதியும். முடிந்ததும் கசட்டுகளை இடம் மாற்றினால் அடுத்த அடுக்கு. கலிபோர்னியாக் கராஜில் லெஸ் போல் இரண்டு தட்டை வைத்துச் செய்த அதே வேலை. அவர் பெயரைக் கேள்விப்படாமலே நம் ஆட்கள் செய்தார்கள்.

அதில் ஒரு வினோதமான தொல்லை. இரண்டு பக்க மோட்டர்களும் ஒரே வேகத்தில் ஓடாது. ஹார்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் பக்கத்துக் கட்டைக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 6 சதவீதம். செட் 3 சதவீதம் வேகமாக ஓடினாலே பாட்டு அரைக் கட்டை ஏறிவிடும். ஹார்மோனியத்தைச் சுருதி மாற்ற முடியாது. அதனால் முதல் அடுக்கிலேயே ஹார்மோனியத்தை வைத்துவிட்டு, பிறகு குரலை அதற்கு இசைவாகப் பாடுவதுதான் புத்தி. ரபானுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். எங்கள் சொந்தத்தில் ஒரு மூத்த நானா இதை எனக்கு விளக்கும்போது, இதெல்லாம் ஒரு பாடப்புத்தகத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

இப்போது வேண்டுகோள்.

அந்தக் கசட்டுகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. பள்ளிவாசல் பைத் குழு, பெருநாள் நிகழ்ச்சி, பக்கத்து வீட்டு நாடகக்காரரின் ஒத்திகை, வெளிநாட்டிலிருந்து வாப்பா பேசிய கசட். பலர் இப்போது மர்ஹூம்கள். கொழும்பின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கிறது. வெள்ளைத் தூள் மாதிரித் தெரிந்தால் ஓடவிடாதீர்கள். அது செட்டின் ஹெட்டுக்குப் போய், அடுத்துப் போடும் கசட்டுக்கும் பரவும். தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்தபிறகுதான் ஓட விடவேண்டும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறிய பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் சத்தம் மங்கலாக, விட்டு விட்டு வரும். நாடா பழுது என்று எறிய வேண்டாம். வேறு கசட்டின் கூட்டுக்குள் மாற்றினால் சரி.

முக்கியமாக இரண்டு விஷயம். அடுக்கிச் செய்த பாட்டின் கடைசிக் கசட் மட்டும்தான் அநேகமாகப் பத்திரமாக இருக்கும், 'நல்லது' என்று எழுதி. ஆனால் அதற்கு முந்திய அடுக்கு, வெறும் ரபானும் ஒரு குரலும் உள்ளது, எங்காவது எழுதாத கசட்டில் கிடக்கலாம். அதில்தான் அந்தக் குரல் தெளிவாக இருக்கும். எழுதாத கசட்டுகளை வெறும் கசட் என்று நினைத்து எறியாதீர்கள், மேலே வேறு எதையும் பதியவும் வேண்டாம். பதியாமல் இருக்க கசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள்.

மற்றது, ஒரு கசட்டைப் போட்டால் பாட்டு ஜின் பாடுவது மாதிரி பாதி வேகத்தில் இழுத்து இழுத்து வருகிறது, புரட்டிப் போட்டால் குரல் பின்பக்கமாக ஓடுகிறது என்றால், அது கெட்டுப்போன கசட் அல்ல. நாலு தடப் பெட்டியில் பதிந்தது. ஏ பக்கத்தை அப்படியே கணினிக்கு ஏற்றுங்கள். பி பக்கத்தையும் ஏற்றி, கணினியில் திசையைத் திருப்புங்கள். இரண்டின் வேகத்தையும் இரட்டிப்பாக்கி, ஒன்றோடொன்று பொருத்தினால் நாலு குரலும் தனித்தனியாக வரும். பொருத்துவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், கசட் செட் ஒரு சீராக ஓடாததால் இடையிடையே சரிக்கட்ட வேண்டியிருக்கும்.

என்னிடம் வேலை செய்யும் செட் ஒன்று இருக்கிறது. ஸ்கூல் விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஏற்றித் தருவோம், இன்ஷா அல்லாஹ். காசு வேண்டாம், கசட்டையும் திருப்பித் தருவோம். கசட்டோடு ஒரு துண்டுக் கடதாசியில் பாடியவர் யார், எந்த வருடம், எந்த வீட்டில் என்று தெரிந்தவரை எழுதிக் கொண்டுவாருங்கள்.